மூன்று இடங்கள் மீந்த ஆண்டு: 2015 பவுல் பருவம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம்) நிர்வகிப்பவர்களுக்கு அதுவரை வராத ஒரு சிக்கல் வந்தது. வழக்கமான பருவம் முடிந்த பிறகு நடைபெறும் பவுல் ஆட்டங்கள், தேசிய இறுதியாட்டத்தைச் சேர்க்காமலேயே, அவ்வாண்டு 40 ஆகியிருந்தன. அவற்றை நிரப்ப 80 அணிகள் தேவைப்பட்டன. முதல் நிலைப் பிரிவில் இருந்த அணிகளோ மொத்தம் 128. பவுல் ஆட்டத்திற்குத் தகுதிபெறப் பருவத்தின் 12 ஆட்டங்களில் குறைந்தது ஆறில் வென்றிருக்க வேண்டும். தோல்விகளை விட வெற்றிகள் கூடுதலாக இருக்க வேண்டும் என்றுகூட அந்த விதி கேட்கவில்லை. பாதிக்குப் பாதி போதும். அப்படியிருந்தும் வரம்பை எட்டியவை 77 அணிகள்தாம். பந்தியில் இலை போட்டுவிட்டு ஆள் தேடும் நிலை வந்தது.

மூன்று அணிகள் குறைகின்றன என்றால் இரண்டு ஆட்டங்களை அவ்வாண்டு மட்டும் கைவிடலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றக்கூடிய வழி. ஆனால் அந்த வழி பேச்சுக்கே வரவில்லை. மைதானங்கள் பேசி முடிக்கப்பட்டிருந்தன, விளம்பரதாரர்கள் பணம் கட்டியிருந்தார்கள், தொலைக்காட்சியின் நேர அட்டவணை அச்சாகியிருந்தது. எனவே கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஐந்து வெற்றியும் ஏழு தோல்வியும் பெற்ற அணிகளிலிருந்து மூன்றை அழைக்க முடிவு செய்தது. எந்த மூன்று என்பதைத் தீர்மானிக்க ஆடுகளத்தில் அளவுகோல் இல்லாததால், வகுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்தார்கள். உதவித்தொகை பெறும் வீரர்கள் ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் படிப்பைத் தொடர்கிறார்களா, தேவையான மதிப்பெண் பெறுகிறார்களா என்று கணக்கிடும் கல்வி முன்னேற்ற விகிதம் என்ற புள்ளியே அது. தோற்ற அணிகளுள் அந்தப் புள்ளி அதிகம் பெற்றவற்றுக்கு அழைப்பு. படிப்பில் அக்கறை காட்டிய கல்லூரிகளுக்குப் பரிசு என்று இதனைப் பாராட்டியவர்களும் உண்டு. என் பார்வையில், காலியிடத்தை நிரப்பும் அவசரத்திற்குப் போர்த்தப்பட்ட கௌரவமான சால்வைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

வரிசையில் முதலில் நின்றது நெப்ராஸ்கா. அடுத்திருந்த மிசூரி தனக்கு வேண்டாம் என்று விலகியது. வளாகப் போராட்டங்களும், நீண்ட காலப் பயிற்சியாளர் கேரி பிங்கல் உடல்நலக் காரணத்தால் ஓய்வு பெற்றதும் அந்தப் பருவத்தை ஏற்கெனவே களைப்படையச் செய்திருந்தன. பிறகு மினசோட்டாவுக்கும் சான் ஹோசே ஸ்டேட்டுக்கும் இடம் கிடைத்தது.

இந்த மூன்றில் நெப்ராஸ்காவைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் 5-7 என்ற எண் எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு அந்த அணியின் பருவமே சான்று. செப்டம்பரில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில், நேரம் முடியும் தறுவாயில் எதிரணியின் மாற்றுக் குவார்ட்டர்பேக் (பந்தை எறியும் முதன்மை வீரர்) 42 கெஜத் தொலைவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது போன்ற ஒரு பந்து கோட்டருகே பிடிக்கப்பட்டு டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பந்தைக் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளி, ஆனது. நெப்ராஸ்கா 33-28 என்று தோற்றது. மயாமியிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. இல்லினாயிடம் 14-13, அதுவும் கடைசி 10 நொடியில். விஸ்கான்சினிடம் 23-21, நான்கு நொடி மீதமிருக்கையில் உதைக்கப்பட்ட பந்தால். இவ்வாறு கைநழுவ விட்ட அதே அணிதான் நவம்பர் 7 அன்று, அதுவரை தோல்வியே காணாத மிச்சிகன் ஸ்டேட்டை 39-38 என்று வீழ்த்தியது. அந்த மிச்சிகன் ஸ்டேட் பின்னர் தேசிய அரையிறுதி வரை சென்றது. ஆகவே, மோசமான அணி ஒன்று பின்வாசல் வழியே நுழைந்துவிட்டது என்று நெப்ராஸ்காவைப் பார்த்துச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

நடந்த ஆட்டங்களின் முடிவு விமர்சகர்களை மேலும் திகைக்க வைத்தது. டிசம்பர் 19 அன்று ஆர்லாண்டோவில் சான் ஹோசே ஸ்டேட் ஜார்ஜியா ஸ்டேட்டை 27-16 என்று வென்றது. சான்டா கிளாராவில் நெப்ராஸ்கா, 21-7 என்று பின்தங்கியிருந்து மீண்டு, யு.சி.எல்.ஏ.வை 37-29 என்று வென்றது. டெட்ராய்ட்டில் மினசோட்டா சென்ட்ரல் மிச்சிகனை 21-14 என்று வென்றது. தகுதி பெறாமல் வந்த மூவரும், தகுதி பெற்று வந்த மூவரைத் தோற்கடித்தார்கள்.

டிசம்பர் 29 அன்று அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் நடந்தது வேறு வகைக் கோணல். புதிதாகத் தொடங்கப்பட்ட அரிசோனா பவுலில் நெவாடாவும் கொலராடோ ஸ்டேட்டும் மோதின. இரண்டும், பருவத்தில் பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடும் அணிகளின் குழுவான மவுன்டன் வெஸ்ட் என்ற ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. ஆண்டு முழுவதும் தம் வட்டாரத்துக்குள் ஆடிய அணிகள் தூரத்து வட்டாரத்து அணியைச் சந்திக்கும் அபூர்வ வாய்ப்பு என்பதுதான் பவுல் ஆட்டத்தின் முதல் நியாயம். அதுவே இங்கே இல்லை. தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தைத் தவிர்த்தால், ஒரே கூட்டமைப்பின் இரு அணிகள் பவுலில் சந்தித்தது 1979க்குப் பிறகு அதுவே முதல் முறை. கூட்டமைப்பின் ஆணையர் கிரெய்க் தாம்சனே பகிரங்கமாகக் கண்டித்தார். நெவாடா 28-23 என்று வென்றது. ஆட்டம் முடிந்தபோது இரு அணிகளின் கணக்கும் 7-6 என்று சமமாக நின்றது.

2016 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. புதிய பவுல்களுக்கு மூன்றாண்டுத் தடை விதித்தது. இருப்பவற்றில் ஒன்றையும் குறைக்கவில்லை.

முன்பு கடிவாளம் யார் கையில் இருந்தது

பவுல்களின் எண்ணிக்கை அதிகமா என்ற வினாவைப் பெரும்பாலோர் தரத்தின் வினாவாகவே எழுப்புகிறார்கள்: 6-6 அணிக்கு எதற்குப் பரிசு? 2015 நிகழ்வைப் பார்த்தால் வினா வேறிடத்தில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இந்த எண்ணிக்கையை ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவரின் மறுப்புதான் கட்டுப்படுத்தி வந்திருக்கிறது. அந்த மறுப்புகள் ஒவ்வொன்றாக விலைபோன வரலாறே பவுல்கள் பெருகிய வரலாறு.

தொடக்கத்தில் மறுத்தது ஊர். கலிபோர்னியாவின் பசடினா நகரத்தார், பனியில் உறைந்து கிடக்கும் கிழக்கத்தியருக்குத் தங்கள் குளிர்காலச் சூரியனைக் காட்டி ஆள் சேர்ப்பதற்காக நடத்திய ரோஜா விழாவின் பகுதியாக, 1902 சனவரி 1 அன்று மிச்சிகனையும் ஸ்டான்ஃபோர்டையும் மோதவிட்டார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்ட் 0. எட்டு நிமிடங்கள் மீதமிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்ட் போதும் என்று சொல்லிவிட்டது. விழாக்குழுவும் போதும் என்று முடிவு செய்து, அடுத்த ஆண்டுகளில் தேரோட்டப் பந்தயம் முதல் நெருப்புக்கோழிப் பந்தயம் வரை நடத்திப் பார்த்தது. கால்பந்து திரும்பி வர 1916 ஆகிவிட்டது. மக்கள் சீட்டு வாங்க மாட்டார்கள் என்றால் ஆட்டம் இல்லை. மயாமியின் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸின் சுகர் பவுல், டல்லஸின் காட்டன் பவுல் என்று 1930களில் தோன்றியவற்றுக்கும் இந்தக் கணக்குதான் எல்லை வகுத்தது.

அடுத்து மறுத்தவை கல்லூரிகள். நோட்டர்டேம் 1925 ரோஸ் பவுலில் ஆடிய பிறகு, 1970 காட்டன் பவுல் வரை எந்த அழைப்பையும் ஏற்கவில்லை. பிக் டென் கூட்டமைப்பு 1975 வரை தன் அணிகளில் ஒன்றை மட்டும், ரோஸ் பவுலுக்கு மட்டும் அனுப்பியது. அதன் விளைவு 1973இல் கொடுமையாகவே இருந்தது. மிச்சிகனும் ஒகாயோ ஸ்டேட்டும் தோல்வியே காணாமல் வந்து கடைசி ஆட்டத்தில் 10-10 என்று சமன் செய்தன; கூட்டமைப்பின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து ஒகாயோ ஸ்டேட்டை அனுப்பினார்கள்; பத்து வெற்றி, ஒரு சமன், தோல்வி இல்லை என்ற கணக்கோடு மிச்சிகன் வீட்டிலிருந்தது. அந்த மிச்சிகனுக்கும் 2015இன் 5-7 அணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் இந்த விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றைய மறுப்பும் நியாயமாக இருக்கவில்லை.

ஊரின் மறுப்பை விலைக்கு வாங்கியது தொலைக்காட்சி. டிசம்பர் மாதத்தின் வார நாள் மாலையில், பெயர் அதிகம் கேட்டிராத இரு கல்லூரிகள் ஆடும் ஆட்டத்தையும் பத்து இலட்சம் பேருக்கு மேல் பார்ப்பது அமெரிக்காவில் சாதாரணம். அந்த நேரத்தில் வேறு எதைப் போட்டாலும் அவ்வளவு பேர் வரமாட்டார்கள். இதைப் புரிந்துகொண்ட விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான இ.எஸ்.பி.என். ஒளிபரப்பு உரிமையை வாங்குவதோடு நில்லாமல், ஆட்டங்களையே சொந்தமாக வாங்கவும் தொடங்கவும் செய்தது; அதன் துணை நிறுவனம் இன்று பத்துக்கும் மேற்பட்ட பவுல்களின் உரிமையாளர். 2014இல் மட்டும் பஹாமாஸ், போக்கா ரட்டோன், மான்ட்கோமரி, மயாமி பீச் என்று புதிய ஆட்டங்கள் வந்தன. மைதானத்தில் காலி இருக்கைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தாலும் ஆட்டம் நடக்கும், ஏனெனில் இருக்கைக்காரர் இப்போது வாடிக்கையாளர் அல்லர். ஊர் மறுக்கும் உரிமையை இழந்த பிறகு, எண்ணிக்கைக்கு மிஞ்சிய ஒரே எல்லை அணிகள் தீர்ந்துபோவதுதான். 2015இல் அவை தீர்ந்தன.

இந்தப் பெருக்கம் எந்தத் திசையில் மட்டும் செல்லும் என்பதை 2021 காட்டியது. அவ்வாண்டு நிலைமை தலைகீழ். இருந்த இடங்களை விடத் தகுதிபெற்ற அணிகள் கூடுதலாக வந்தன. உடனே ஒரு புதிய ஆட்டம் டெக்சஸின் ஃபிரிஸ்கோ நகரில் அந்த ஒரு பருவத்துக்கென்றே உருவாக்கப்பட்டு, ஒகாயோ மாநிலத்தின் மியாமி பல்கலைக்கழகமும் நார்த் டெக்சஸும் ஆடின. அணிகள் குறைந்தால் விதி வளையும். அணிகள் கூடினால் ஆட்டம் கூடும். ஆட்டம் குறையும் வழி மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

செலவு யாருக்கு

பவுல் ஆட்டங்கள் பிடிக்கவில்லை என்றால் பார்க்காமல் இருந்துவிடலாமே, யாருக்கு என்ன நட்டம் என்பது ஆதரவாளர்களின் வலுவான கேள்வி. பார்வையாளரைப் பொறுத்தவரை அது சரியான கேள்வி. நட்டம் வேறிடத்தில் விழுகிறது.

2011 சனவரி 1 அன்று நடந்த ஃபியஸ்டா பவுல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது சிறிய பவுல் அன்று. முதல் வரிசையில் வைக்கப்பட்ட ஒன்று. எட்டு வெற்றி நான்கு தோல்வியோடு தன் கூட்டமைப்பின் இடத்தைப் பெற்ற கனெடிகட் பல்கலைக்கழகம், ஒப்பந்தப்படி 17,500 சீட்டுகளை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கண்டத்தின் மறுகோடியில் உள்ள அரிசோனாவுக்குப் புத்தாண்டன்று பறந்து வர ரசிகர்கள் தயாராக இல்லை. அப்படி வந்தவர்களும் இணையத்தில் மலிவாகக் கிடைத்த சீட்டையே வாங்கினார்கள். பெரும்பகுதி விற்காமல் போக, அந்தப் பயணத்தில் பல்கலைக்கழகம் 15 இலட்சம் டாலருக்கும் மேல் இழந்தது. ஆட்டத்தில் ஓக்லஹோமா 48-20 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ராண்டி எட்சல் அணியோடு ஊர் திரும்பாமல் மேரிலாந்தில் புதிய பணிக்குச் சென்றுவிட்டார். அதே ஆண்டு, அதே ஃபியஸ்டா பவுலின் தலைமை நிர்வாகி ஜான் ஜங்கர் பதவி நீக்கப்பட்டார். ஊழியர்களை அரசியல்வாதிகளுக்கு நன்கொடை கொடுக்க வைத்து, அந்தப் பணத்தை நிறுவனக் கணக்கிலிருந்து திருப்பித் தந்ததும், தம் 50ஆவது பிறந்தநாள் விருந்தை அந்தக் கணக்கிலேயே நடத்தியதும் விசாரணையில் வெளிவந்தன. பின்னர் சிறைத் தண்டனையும் பெற்றார். அந்த அமைப்பு வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனமாகப் பதிவாகியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சீட்டுகளைக் கல்லூரி சுமக்கிறது. பவுல் அழைப்பு வந்ததற்கான ஊக்கத்தொகை பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகவே, அழைப்பை ஏற்பதா என்று முடிவு செய்யும் மேசையில் இருப்பவர்களுக்கு ஏற்பதற்கே காரணம் அதிகம். மேலும், பவுலுக்குப் போகும் அணி டிசம்பரில் கூடுதலாகச் சுமார் 15 பயிற்சி நாட்களைப் பெறுகிறது. அடுத்த ஆண்டின் இளம் வீரர்களைப் பழக்க அது விலைமதிப்பற்றது என்பதைப் பயிற்சியாளர்கள் மறைப்பதேயில்லை.

மறுபக்கத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 2014 டிசம்பர் 24 அன்று நாசோவில் நடந்த முதல் பஹாமாஸ் பவுலை எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்போர் கிண்டல் செய்வதற்கென்றே அமைந்தது போன்ற ஆட்டம் அது: சிறிய தடகள மைதானம், நிரம்பாத இருக்கைகள், வெஸ்டர்ன் கென்டக்கியும் சென்ட்ரல் மிச்சிகனும். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது சென்ட்ரல் மிச்சிகன் 49-14 என்று பின்தங்கியிருந்தது. அங்கிருந்து எழுந்து வந்த அந்த அணி, கடைசி ஆட்டத்துண்டில் தன் பக்கத்திலிருந்து 75 கெஜம், ஒருவர் பிடித்து அடுத்தவருக்குத் தள்ளி, அவர் இன்னொருவருக்குத் தள்ளி, மைதானத்தின் ஓரத்தில் நீட்டிய கையால் கோட்டைத் தொட்டு டச்டவுன் எடுத்தது. 49-48. ஒரு புள்ளி தரும் உதையால் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குப் போகாமல், வெல்வதற்கு இரண்டு புள்ளிகளுக்கு முயன்று தோற்றது. அந்த ஆண்டு முழுவதிலும் அதைவிட விறுவிறுப்பான முடிவு அரிது. அதேபோல் ஒகாயோ பல்கலைக்கழகம் தன் வரலாற்றின் முதல் பவுல் வெற்றியைப் பெற்றது 2011இல், ஐடகோவின் நீலத் தரை மைதானத்தில், உருளைக்கிழங்கு விளம்பரதாரரின் பெயர் தாங்கிய ஒரு பவுலில்; யூட்டா ஸ்டேட்டுக்கு எதிராக 24-23. பெரிய பெயர்களுக்கு மட்டுமே பவுல் என்றிருந்தால் இந்த ஆட்டங்கள் இல்லை. விளம்பரதாரரின் பெயரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அந்தச் சிரிப்பு வாதம் ஆகாது.

வீரர்களும் அணிகளும் மறுக்கத் தொடங்கியபோது

2015 பருவத்தின் இறுதியில், 2016 சனவரி 1 ஃபியஸ்டா பவுலில், நோட்டர்டேமின் ஜேலன் ஸ்மித் முழங்காலில் கடுமையாகக் காயமடைந்தார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் மிக உயரத்தில் எடுக்கப்படுவார் என்று கருதப்பட்டவர், இரண்டாம் சுற்றுக்கு இறங்கினார். இழந்தது பல பத்து இலட்சம் டாலர். அதே ஆண்டு டிசம்பரில் லூசியானா ஸ்டேட்டின் லெனர்ட் ஃபோர்னெட்டும் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் தங்கள் அணிகளின் பவுலில் ஆடமாட்டோம் என்று அறிவித்தார்கள். சுயநலம் என்று திட்டினார்கள் சிலர். ஊதியமே இல்லாத நிலையில், வேறொருவர் வருவாய்க்காக முழங்காலைப் பணயம் வைக்க ஒரு இருபது வயது இளைஞருக்கு என்ன கடமை இருந்தது என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. பவுலில் கலந்துகொள்ளும் வீரருக்கு அன்று விதிப்படி பவுல் அமைப்பிடமிருந்து கிடைத்தது 550 டாலர் வரையிலான பரிசுப் பொருட்கள்.

அடுத்த பத்தாண்டுகளில் இந்த மறுப்பு தனிநபரிலிருந்து அணிக்கு நகர்ந்தது. 2023இல் 13-0 என்றிருந்தும் தேசியப் பட்டத்துக்கு ஆடும் நான்கு அணிகளுள் இடம் மறுக்கப்பட்ட ஃபுளோரிடா ஸ்டேட்டின் முன்னணி வீரர்கள் பலர் விலகிக்கொள்ள, எஞ்சியவர்கள் ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். 2024 டிசம்பரில் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குச் சென்றதும் வீரர்கள் கூட்டமாக இடமாற்றப் பட்டியலில் பெயர் கொடுத்ததால், மார்ஷல் அணி இன்டிபென்டன்ஸ் பவுலிலிருந்தே விலகியது. 5-7 என்றிருந்த லூசியானா டெக் அழைக்கப்பட்டு ராணுவக் கல்லூரி அணியிடம் 27-6 என்று தோற்றது. 2025 டிசம்பரில் பத்து வெற்றிகள் பெற்றிருந்தும் 12 அணிகள் கொண்ட தேசியச் சுற்றில் இடம் கிடைக்காத நோட்டர்டேம் எந்தப் பவுலும் வேண்டாம் என்றது. பயிற்சியாளர் மாற்றத்தில் இருந்த அயோவா ஸ்டேட்டும் கான்சஸ் ஸ்டேட்டும் அதையே செய்ய, பிக் 12 கூட்டமைப்பு இரண்டுக்கும் தலா ஐந்து இலட்சம் டாலர் அபராதம் விதித்தது. காலியான இடங்களுக்கு 5-7 அணிகளை அழைத்தபோது அவற்றிலும் பல மறுத்தன. பர்மிங்காம் பவுலுக்கு ஆப்பலேச்சியன் ஸ்டேட் இசையும் வரை அழைப்பு கைமாறிக்கொண்டே இருந்தது.

2015இல் மிசூரி ஒன்றுதான் மறுத்தது. பத்தே ஆண்டுகளில் மறுப்பவர்களின் வரிசை நீண்டுவிட்டது. ஆட்டங்கள் நடக்கட்டும் என்போர் இதனைக் கட்டுப்பாடின்மை என்று பார்க்கிறார்கள், ஆகவே அபராதம். ஊர், கல்லூரி, கூட்டமைப்பு என்று ஒவ்வொன்றின் மறுப்பும் காலியான பிறகு மிஞ்சியிருக்கும் கடைசிக் கடிவாளம் இது என்று நான் பார்க்கிறேன். அதற்கு அபராதம் விதிப்பது நோயைக் காட்டும் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பானது.

எத்தனை பவுல்கள் சரி என்று ஓர் எண்ணை வெளியிலிருந்து நிர்ணயிக்க வேண்டியதில்லை. 30 என்று சொன்னாலும் 35 என்று சொன்னாலும் அதற்கு அடிப்படை இராது. செய்ய வேண்டியவை சிலவே. ஆறு வெற்றி வரம்புக்கு விதிவிலக்கே வேண்டாம். கல்விப் புள்ளி வழியாகவும் வேண்டாம். தகுதியும் விருப்பமும் உள்ள அணிகள் போதாத ஆண்டில், கடைசியாகத் தொடங்கப்பட்ட பவுல் அவ்வாண்டு நடக்காது என்ற நிபந்தனை ஒளிபரப்பு ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். விற்காத சீட்டுகளின் சுமை கல்லூரியிடமிருந்து ஆட்டத்தின் உரிமையாளருக்கு மாற வேண்டும். மறுக்கும் அணிக்கு அபராதம் கூடாது. இந்த விதிகள் 2015இல் இருந்திருந்தால், நெப்ராஸ்கா யு.சி.எல்.ஏ.வை வென்றிருக்காது, டூசானில் ஒரே கூட்டமைப்பு அணிகள் மோதியிருக்காது; 40 பவுல்களில் இரண்டு அந்த டிசம்பரில் நடந்திருக்காது. பஹாமாஸ் பவுல் நடந்திருக்கும்.